ஹெஸ்டர் ஆனுக்குப் போர்த்திய தார்பாய்

மழைத்தண்ணீர்தான் மரப்படகுக்கு எமன். உப்புத்தண்ணீர் அதற்கு மருந்து. பிளாக்வாட்டர் ஆற்றங்கரையில் இது எல்லோருக்கும் தெரியும் என்றாலும், கிளெம் அளவுக்கு அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியவன் எவனும் இல்லை. குளிர்காலம் முழுக்கத் தினமும் காலையில் உப்பாற்றிலிருந்து பத்து வாளி மொண்டு, தன் பாய்மரப் படகு ஹெஸ்டர் ஆனின் தளத்தில் ஊற்றுவான். உள்ளே காற்று போய்வரத் தளத்து மூடிகளையெல்லாம் ஒரு சாண் திறந்தே வைப்பான். யாராவது சாத்தினால் அவர்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டுவான்.

அக்டோபரில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. கிறிஸ்துமஸ் வரை ஒரு வார்த்தை வரவில்லை. வந்த பிறகு ஈஸ்டருக்குப் படகை எடுப்பதைத் தவிர வேறு பேச்சில்லை. இடது கையால் முடிச்சுப் போடப் பழகிக்கொண்டிருந்தான். அந்தக் கிறுக்கனின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அது ஒன்றுதான்.

நான் படகுத் தச்சன். வழக்கம்போல் பிப்ரவரியில் படகைப் பார்க்கப் போனேன். கிளெமின் மனைவி டோரீன் சாவியோடு வந்தாள். படகின் மேல் நீலத் தார்பாய், விரல் நுழைய இடமில்லாமல் இறுக்கிக் கட்டியிருந்தது.

"கிளெம் விழுந்த வாரமே கட்டிட்டேன், லென்," என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். "ஒரு சொட்டு மழை உள்ள போகல. மூடியெல்லாம் சாத்தி, வாரம் ரெண்டு நாள் மண்ணெண்ணெய் அடுப்பும் ஏத்தி வச்சேன். குளிர்ல கெடக்குமேன்னு."

கயிற்றை அவிழ்த்து மூடியைத் தூக்கினேன். காளான் வாடை முகத்தில் அடித்தது. தளத்தைத் தாங்கும் முதல் விட்டத்தில் குத்தூசியை வைத்து அழுத்தினேன். ரொட்டியில் இறங்குவதுபோல் கைப்பிடி வரை இறங்கியது. அடுத்ததும் அப்படியே. பதினான்கில் பதினொன்று. எங்கோ ஒரு மூலையில் முன்பே கொஞ்சம் பூஞ்சை இருந்திருக்க வேண்டும். பாவம், டோரீன் அதற்குச் சூடு கொடுத்து வளர்த்திருக்கிறாள்.

"என்ன லென், ஏன் குத்திக்கிட்டே இருக்க?"

"விட்டமெல்லாம் போச்சு, டோரீன். காத்தில்லாம புழுங்கி அழுகிடுச்சு."

"மாத்திடலாம்ல?"

"மாத்துறதுக்குப் புதுசா ஒரு படகே கட்டிடலாம்."

அவள் ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நான்தான் கொன்னிருக்கேன்."

அப்போதே அவளிடம் நான் ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். நவம்பரிலிருந்து வாரம் இரண்டு முறை அந்தத் தார்பாயைத் தாண்டித்தான் நான் பப்புக்குப் போனேன். பார்த்தேன். கயிற்றை அறுத்துவிட இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். மழையில் நிற்கச் சோம்பல். அதை நினைத்தால் இன்றும் என் மூஞ்சியில் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

"கிளெம்கிட்ட சொல்லிடாத, லென். தாங்க மாட்டான்."

"பெயிண்ட் வேலைதான் பாக்கின்னு சொல்லிடுறேன்."

வீட்டில் கிளெம் ஜன்னலோரம் மடியில் கயிற்றோடு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, கிழவி எப்படி இருக்கா?" வார்த்தைகள் இன்னும் கொஞ்சம் குழறின.

"உன்னவிட நல்லா இருக்கா. பெயிண்ட் அடிச்சாப் போதும்."

அவன் சிரித்தான். டோரீன் குனிந்து அவன் போர்வையைச் சரிசெய்தாள். அவன் இடது கையால் அவள் கோட்டுக் கையைப் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தான். வெகுநேரம் விடவில்லை. சிரிப்பு போய்விட்டது.

"எத்தனை விட்டம்டா?"

நான் தரையைப் பார்த்தேன். "பதினொண்ணு."

மடியிலிருந்த கயிற்றை எடுத்துக் கீழே போட்டான். டோரீன் அழ ஆரம்பித்தாள்.

"கிளெம், அந்தத் தார்பாய நான்தான்..."

"நான்தான கட்டச் சொன்னேன்," என்றான் அவன். "ஆஸ்பத்திரில, விழுந்த மறுநாள். மழ உள்ள போகாம மூடி வையின்னு சொன்னேனே, மறந்துட்டியா? லென், நீயும் பக்கத்துலதான இருந்த."

விழுந்த மறுநாள் நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவன் வாயிலிருந்து எச்சில்தான் வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டே இருந்தவள் டோரீன்.

"ஆமா," என்றேன். "நானும் கேட்டேன்."