குணாளன் அண்ணனை நீக்கிய ரேடியோ

எங்கள் அமெச்சூர் ரேடியோ சங்கத்துக்குப் புது செட் வாங்க வேண்டியிருந்தது. இரண்டு செட்டுகளை இரவல் வாங்கி, லூனாஸ் ஊரில் துணிக்கடைக்கு மேலே இருக்கும் சங்க அறையில் வைத்தோம். கடையின் விளக்குப் பலகை எரிந்தால் ரேடியோவில் அப்பளம் பொரிக்கும் சத்தம் கேட்கும். எந்த செட் அதை நன்றாக நீக்குகிறதோ அதையே வாங்குவது என்றார் செயலாளர் யோகேஸ்வரன். நைட் ஷிஃப்டை விட்டுவிட்டுச் சும்மா கிடப்பவன் என்பதால் இரைச்சல் நீக்கும் குமிழைத் திருப்பும் வேலை எனக்கு.

மறுமுனையில் ஒரே அளவில் பேச ஓர் ஆள் வேண்டும். செமிலிங் ஊரில் இருக்கும் குணாளன் அண்ணன் தன் வீட்டு செட்டிலிருந்து பேச ஒப்புக்கொண்டார். கோயில் மைக்கில் அர்ச்சனைப் பெயர்களையும் வழியை மறிக்கும் கார் நம்பர்களையும் வாசித்து வாசித்து, ஏற்ற இறக்கம் என்பதே இல்லாமல் போன குரல். சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் ஒரே தொனிதான். பங்குனி உத்திரத்தில் சங்கம் நடத்தும் ரேடியோ சேவைக்குத் தலைமைக் குரலாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகத்தான் சம்மதித்தார்.

முதல் செட்டில் குமிழைத் திருப்பினேன். அப்பளம் பாதி அடங்கியது. அண்ணன் கிணற்றுக்குள்ளிருந்து, "கடக ராசி, பூச நட்சத்திரம்" என்றார்.

இரண்டாவது செட்டில் திருப்பினேன். அப்பளம் நின்றது. அண்ணனும் நின்றுவிட்டார். அவர் வீட்டுச் சேவல் கூவியது. பிறகு அவர் மனைவி பிரேமலா அக்கா, பக்கத்தில் நிற்பதுபோல்: "மீன் வாங்கப் போறேன்னுட்டு யாருக்கு ராசி வாசிக்கிறீங்க?"

"அண்ணே, பேசுங்க" என்றார் யோகேஸ்வரன்.

"பேசிக்கிட்டுத்தானே இருக்காரு. உங்க காது ரோசாக்கா, கெட்டுப்போச்சா?"

மாறாமல் வரும் எதையும் இந்த செட் இரைச்சல் என்று நினைத்து நீக்கிவிடுகிறது. யோகேஸ்வரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதுதான்லா செட். எவ்வளவு சுத்தம் பாரு."

அண்ணன் மோட்டார் சைக்கிளில் நேரே வந்துவிட்டார்.

"குமிழை அணைச்சிடு, தம்பி."

"அணைச்சா இரைச்சல் வரும், அண்ணே."

"அந்த இரைச்சலுக்குள்ளதான் நான் இருக்கேன்."

"தெரியும். அதான் பிரச்சனை."

ஏற்ற இறக்கத்தோடு பேசப் பழகினார். கோபமாகக்கூடப் பேசிப் பார்த்தார். செட் ஏமாறவில்லை. ஓட்டெடுப்பில் இரண்டாவது செட்டே ஜெயித்தது.

"அப்ப தலைமைக் குரல்?" என்றார் அண்ணன்.

"நீங்கதான். வரும்போது அக்காவையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார் யோகேஸ்வரன்.

திருவிழாவன்று அலங்கார விளக்குகளால் ஊரே அப்பளம் பொரித்தது. கோயில் வாசலில், இஸ்திரி போட்ட சட்டையோடு, தன் பழைய செட்டின் முன் அண்ணன் உட்கார்ந்தார். நான் தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில் புது செட்டோடு இருந்தேன். உறுமி கேட்டது. அப்புறம் அக்கா:

"பந்தல்ல தண்ணி இல்லைன்னு எத்தனை தடவைதான் சொல்வாரு? லாரியை அனுப்புங்கலா."

லாரியை அனுப்பினேன். நாள் முழுக்க இப்படித்தான் போனது. எதுவும் தவறவில்லை.

மாலையில் யோகேஸ்வரன் அண்ணனுக்கு மாலை போட்டார். அண்ணன் நன்றியுரையை ரேடியோவிலேயே சொல்வேன் என்று பிடிவாதமாக நின்றார். செட்டின் முன் நானும் லாரிக்காரரும் நின்று கேட்டோம். வெகுநேரம் ஒன்றுமில்லை.

"முடிச்சிட்டாரு" என்றார் பிரேமலா அக்கா. "கை தட்டுங்க."

தட்டினோம்.