நாலாவது முடிச்சு

பச்சை போகவே மாட்டேன் என்றது. தாசம்மாள் காய்ந்த துணியால் துடைத்துப் பார்த்தாள். கத்தி முனையால் சுரண்டிப் பார்த்தாள். கடைசியில் ஒரு தென்னை ஈர்க்கைக் கூராகச் சீவிக்கொண்டு, சுவர் விரிசலில் எறும்பு நுழைவதுபோல உள்ளே உள்ளே ஓடியிருந்த அந்தப் பச்சை நரம்புகளை ஒவ்வொன்றாக நோண்டி எடுத்தாள். சீமையிலிருந்து துணி சுற்றி, மெழுகு காகிதம் சுற்றி, வைக்கோல் அடைத்த பெட்டியில் வந்திருந்த பாலாடைக்கட்டி அது. வரும்போது சின்ன முரசு மாதிரி இருந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பீங்கான் தட்டில் எலுமிச்சை அளவில் ஏழெட்டு வெள்ளை உருண்டைகள் மிஞ்சின. பக்கத்துக் கிண்ணத்தில் பச்சையும் வெள்ளையும் கலந்த தூள் குவிந்து கிடந்தது. சுத்தம் செய்த திருப்தியோடு அவள் கையை முகர்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிடித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. திருவனந்தபுரத்தில் அந்த மழைக்குப் பூசணம் பூக்காத பொருள் கிடையாது. செருப்பில் பூக்கும், வேதப் புத்தகத்தின் அட்டையில் பூக்கும், நாரத்தங்காய் ஊறுகாயில் பூக்கும். நல்ல வீட்டுக்காரி தண்ணீர் படாமல் அதை வழித்தெடுத்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றுவாள். அதைத்தான் தாசம்மாளும் செய்தாள்.

வழுதக்காட்டில் இருந்த அந்த எஞ்சினீயர் துரையின் பங்களாவில் பதினோரு வருஷம் சமையல்காரனாக இருந்தவன் அவள் புருஷன் ராஜையன். கண்ணில் திரை விழுந்து, உப்பு எது சீனி எது என்று விரலால் தொட்டு நக்கிப் பார்க்கும் நிலை வந்ததும் ஊருக்குப் போய்விட்டான். விளவங்கோட்டுப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு துண்டுத் தோட்டமும் ஆறு தேனீப் பெட்டிகளும் உண்டு. தேனீக்கு மங்கிய கண் போதும் என்றான்; இரைச்சலை வைத்தே அதன் குணம் தெரிந்துவிடுமாம். அவனுக்குப் பதிலாகத் தாசம்மாள் வந்து மூன்று வாரம். பங்களாக்களில் பெண்களை ஆயாவாக வைப்பார்கள், குசினிக்கு வைப்பதில்லை. ஆனாலும் துரையின் மனைவி, எல்லோரும் மதாம்மா என்று சொல்லும் அந்த அம்மாள், ஆனி மாசக் கடைசிவரை பார்க்கலாம், பிறகு முடிவு சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தாள். இந்தச் சம்பளம் நின்றால் ராஜையனின் கண்ணுக்கு ஆஸ்பத்திரிப் பேச்சும் நின்றுபோகும்.

சனிக்கிழமைதான் பரீட்சை என்று தாசம்மாளுக்குத் தெரியும். ஏழு வருஷமாகக் கொழும்பில் இருக்கும் மதாம்மாவின் அண்ணன் அன்று சாயங்காலம் வருகிறார். அடுப்பில் வைத்த பண்டம் ஒன்றும் வேண்டாம், பலகையில் வரிசையாக உப்பிட்டுப் புகையூட்டிய பன்றித் தொடை, மிளகு போட்ட தொத்திறைச்சி, சிவப்பு மெழுகு பூசிய டச்சுக் கட்டி, இந்தச் சீமைக் கட்டி எல்லாம் அடுக்கி வைத்தால் போதும் என்று மதாம்மா உத்தரவு போட்டிருந்தாள். அதோடு தொட்டுக்கொள்ளச் சீமைப் பழக்கூழ் வரவேண்டும். ஆனால் அந்தப் புட்டி வழியிலேயே உடைந்துவிட்டது. அதற்குப் பதில் தேன் வை என்று சொல்லிவிட்டு மதாம்மா வியாழக்கிழமை காலையில் ஒரு சிநேகிதியைப் பார்க்கப் பொன்முடித் தோட்டத்துக்குப் புறப்பட்டாள். தாசம்மாள் கேட்ட ஒரே கேள்வி, "எந்தத் தேனும்மா?" என்பது. மதாம்மா, தேன் என்றால் தேன்தானே என்பதுபோலப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினாள்.

பட்லர் வேலப்பன் கடைத்தெருவிலிருந்து குடையை உதறிக்கொண்டு குசினிக்குள் வந்தான். கொல்லத்து ஹோட்டலில் சமைக்கும் மச்சினனை இந்த வேலைக்குக் கொண்டுவர நினைத்திருந்தவன் அவன். அதனால் மூன்று வாரமாகத் தாசம்மாளுக்கு அலமாரியில் ஒரு தட்டுகூட ஒதுக்கித் தரவில்லை. அவள் சாமான்கள் எல்லாம் வாசற்படி ஓரத்துப் பெஞ்சில்தான். இப்போது தட்டையும் கிண்ணத்தையும் பார்த்தவன் சிரிக்கக்கூட இல்லை. அப்படியே முக்காலியில் உட்கார்ந்தான்.

"தாசம்மா, நீ என்ன காரியம் பண்ணினே? அந்தப் பச்சைக்காகத்தானே அது கப்பல் ஏறி வருது. வேணும்னே வளக்கிற பூசணமாக்கும் அது."

"விளையாடாதீரும் வேலப்பண்ணே. பூசணத்த யாராவது வளப்பாவளா?"

"வெள்ளைக்காரன் வளப்பான். பாலை உறைய விட்டு, பூசணம் பூக்க விட்டு, ஆறு மாசம் காவலிருப்பான். பழைய துரை வீட்டில நானே மேசையில விளம்பியிருக்கேன். நீ அதோட உயிரைப் பறிச்சு இந்தக் கிண்ணத்தில போட்டுட்டே, கேட்டோ."

தாசம்மாள் கிண்ணத்தை எடுத்து உற்றுப் பார்த்தாள். வேலப்பன் தலையைச் சொறிந்தான். அவன் மனசிலும் ஏதோ இளகியிருக்க வேண்டும். எலி கடித்துவிட்டது என்று சொல்லிவிடு, எலி வந்து சாட்சி சொல்லப்போவதில்லை, நான் ஒன்றும் பார்க்கவில்லை என்றான். சொல்லிவிட்டு வெள்ளிக் கரண்டிகளைத் துடைக்கப் போனான்.

தாசம்மாள் யோசித்தாள். எலி என்று சொன்னால் ஒரு நாள் தப்பலாம். ஆனால் பதினோரு வருஷமாக ராஜையன் காத்த குசினியில் மூன்றே வாரத்தில் எலி வந்துவிட்டது என்றாகும். உண்மையைச் சொன்னாலோ, சாயங்காலத்துப் பஸ்ஸில் ஊர்போய்ச் சேரவேண்டியதுதான். பஸ் டிக்கெட்டை நினைத்ததும் பெஞ்சில் இருந்த தேன் புட்டிகள் கண்ணில் பட்டன. அதே பஸ்ஸின் டிரைவரிடம் ராஜையன் கொடுத்தனுப்பியவை. எழுத்து வாசிக்க முடியாத ராஜையன் புட்டிக் கழுத்தில் துணி நாடா கட்டி முடிச்சுப் போட்டிருந்தான். ஒரு முடிச்சென்றால் ரப்பர்த் தோட்டத்துத் தேன். இரண்டு, நாவல் பூத்தபோது எடுத்த கசப்புத் தேன். மூன்று, சுவர்ப் பொந்துகளில் கூடு கட்டும் சின்னஞ்சிறு ஈக்களின் சிறுதேன். தண்ணீர் போலிருக்கும், புளிக்கும். அவர்கள் ஊரில் சிறுதேன் கைக்குழந்தையின் நாக்குக்கு, நாவல் தேன் வயசானவர்களுக்கு, ரப்பர் தேன் விருந்தாளிக்கு.

என்ன கெட்டதென்று தெரிந்துகொண்டாவது போவோம் என்று ஒரு சிட்டிகைப் பச்சைத் தூளை நாக்கில் வைத்தாள். முதலில் வாய் நிறைய உப்பு. பிறகு மிளகில்லாத ஒரு காரம். பிறகு மூக்கைத் தொடும் ஒரு முடை நாற்றம். துப்பப் போனவள் நிறுத்தினாள். இந்த முடையை அவளுக்குத் தெரியும். மழைக்காலத்து மத்தியானம், கஞ்சிக்குப் பக்கத்தில் சுட்ட கருவாடு. இது பாலில் போட்ட கருவாடு, அவ்வளவுதான். பன்றித் தொடை எது? அதுவும் கருவாடுதான், நாலு காலில் நடந்த கருவாடு. இதற்குப் போய் இத்தனை பயந்தோமே என்று அவளுக்குத் தோன்றியது. கருவாடு கடித்த வாய்க்குப் பிறகு என்ன கேட்கும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு துண்டு கருப்பட்டி கேட்கும்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் நாக்குக்கு வேலை. பச்சைத் தூளுக்கு ரப்பர் தேனைத் தொட்டாள்; தித்திப்பு தனியே நின்றது, முடை தனியே நின்றது. நாவல் தேனைத் தொட்டாள். கசப்பு போய் முடையின் தோளில் கை போட்டுக்கொண்டது. இரண்டும் சேர்ந்து தொண்டைக்குள் இறங்கின. பன்றித் தொடைக்குச் சிறுதேன், மீன் குழம்புக்குப் புளி மாதிரி. டச்சுக் கட்டிக்கு ரப்பர் தேன். ருசி பார்த்த வேலப்பன், "ரப்பருக்கு ரப்பர், சரிதன்னே" என்று முதல் தடவையாக அவளோடு சிரித்தான். மிளகுத் தொத்திறைச்சிக்கு மூன்றையும் வைத்துப் பார்த்து, மூன்றும் வேண்டாமென்று எடுத்துவிட்டாள். அதற்கு அதன் காரமே போதும்.

சனிக்கிழமை மத்தியானம் மதாம்மா காரைவிட்டு இறங்கியதும் நேரே சீமைக் கட்டியைப் பார்க்கக் குசினிக்கு வந்தாள். தாசம்மாள் தட்டையும் கிண்ணத்தையும் மேசைமேல் வைத்து, பூசணம் என்று நினைத்து நான்தான் நோண்டினேன், எலியும் இல்லை பூனையும் இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மதாம்மாவின் கழுத்து சிவந்தது. அப்பா உயிரோடிருந்தபோது கிறிஸ்துமஸுக்குக் கட்டியை அவர் கையால்தான் வெட்டுவார், அண்ணன் கப்பல்காரர்களிடம் சொல்லிச் சொல்லி இதை வரவழைத்தார் என்று அரைத் தமிழிலும் அரை மலையாளத்திலும் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னதுதான் தாசம்மாளுக்குத் தாங்கவில்லை.

"அம்மா, போவச் சொன்னா போயிருதேன். ஆனா ஒரு வாய் இதத் தின்னு பாத்துக்கிட்டுச் சொல்லுங்க."

ரொட்டித் துண்டில் பச்சைத் தூளை அள்ளி வைத்து, இரண்டு முடிச்சுப் புட்டியைச் சாய்த்து ஒரு கோடு இழுத்து நீட்டினாள். மதாம்மா மனசில்லாமல்தான் வாங்கினாள். மென்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இன்னும் மென்றாள்.

"யார் சொன்னது, இதுக்கு இந்தத் தேன்?"

"யாரும் சொல்லல்லம்மா. எங்க ஊர்ல கருவாட்டுக்குக் கருப்பட்டி கடிப்போம். கருப்பட்டிய விட இது கொஞ்சம் கசக்கும், அதான்."

மதாம்மா மற்றப் புட்டிகளையும் கையில் எடுத்தாள். முடிச்சுகள் எதற்கென்று கேட்டாள். ராஜையனின் கண்ணுக்குப் பதில் விரல் வாசிக்கும் என்று தாசம்மாள் சொன்னாள். அவளே மேலும் சொன்னாள்: நாலு முடிச்சும் ஒன்று உண்டு, மலைத்தேன்; கல்லாற்றுக்கு மேலே இருக்கும் காணிக்காரர்கள் என்னும் மலைக்குடிகள் மழை ஓய்ந்தபிறகு காட்டுக்குள் போவார்கள், ராஜையன் ஆள்விட்டு வாங்குவான், ஆவணிக்கு முன்னால் கிடைக்காது. சொன்னபிறகுதான், ஆனிக் கடைசியோடு தன் தவணை முடிகிறதே என்பது நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். மதாம்மா புட்டிகளைத் திருப்பி வரிசையாக வைத்தாள். முடிச்சுகளின்மேல் ஒருமுறை கட்டை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

சாயங்காலம் ஆறரைக்குப் பலகை மேசைக்குப் போனது. நடுவில் பச்சைத் தூள் கிண்ணம், சுற்றிலும் மற்றவை, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதனதன் தேன். தாசம்மாள் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். போகவர வேலப்பன் ஒவ்வொரு வரியாகச் சேதி சொன்னான். ஒரு விருந்தாளி அம்மாள் சிறுதேனைத் தொட்டு முகத்தைச் சுளித்தாளாம். துரை பன்றித் தொடையை மூன்று தடவை கேட்டாராம். அண்ணன்? அண்ணன் கிண்ணத்தைப் பார்த்ததும் இது என்ன என்று தங்கையைக் கேட்டாராம். அவள் இங்கிலீஷில் ஏதோ சொல்ல, மேசையே சிரித்ததாம். தாசம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அடுத்த தடவை வேலப்பன் காலித் தட்டுகளோடு வந்தபோது அவன் குரல் தாழ்ந்திருந்தது.

"அவர் கிண்ணத்தை மடியில வைக்காத குறை. கண்ணை மூடித் தின்னுகிட்டிருக்கார். யார்கிட்டயும் பேச்சில்லை."

அவ்வளவுதான் தெரிந்தது. விருந்து முடிந்து மதாம்மா குசினிப் பக்கம் வரவில்லை. திரும்பிவந்த கிண்ணத்தில் ஒரு பொடி இல்லை. ரொட்டியால் துடைத்த சுவடு மட்டும் இருந்தது. அது அண்ணனுக்குப் பிடித்ததற்குச் சாட்சி. மதாம்மா என்ன நினைத்தாள் என்பதற்கு அது சாட்சியாகுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்து ஈரக் குடையோடு தாசம்மாள் குசினிக்குள் நுழைந்தாள். பெஞ்சில் தேன் புட்டிகளைக் காணோம். பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். அலமாரியின் நடுத் தட்டு ஒதுக்கித் துடைக்கப்பட்டிருந்தது. அங்கே வேலப்பன் கஞ்சி குடிக்கும் எனாமல் தட்டில் தண்ணீர் ஊற்றியிருந்தது; அதன் நடுவே மூன்று புட்டிகளும் நின்றன. தட்டின் விளிம்புவரை வந்த எறும்பு வரிசை தண்ணீரைக் கண்டு திகைத்து நின்றது.

பக்கத்தில் நாலாவதாக ஒரு புட்டி. கழுவித் துடைத்த காலிப் புட்டி, ஊருக்குப் போகும் பஸ்ஸில் ராஜையனுக்கு அனுப்பத் தக்கை போட்டு வைத்தது. அதன் கழுத்தில் நீலப் பட்டு நாடா. மதாம்மா தொப்பியில் கட்டும் நாடா. தாசம்மாள் புட்டியை எடுத்தாள். கண்ணால் பார்க்கவில்லை, ராஜையன் செய்வதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் வருடினாள். பழக்கமில்லாத கை போட்ட, கோணலான, கெட்டியான முடிச்சுகள். ஒன்று. இரண்டு. மூன்று. விரல் இன்னும் கீழே இறங்கியது.