நாற்பத்தொன்றாவது கடி

செவ்வாய்க்கிழமை காலை வாழைத்திடலில் நாற்பது பேர் இடது கெண்டைக்காலில் நான்கு பல் தடத்தோடு கண் விழித்தார்கள். அவர்களில் ஒருவரைக்கூட எந்த நாயும் கடித்திருக்கவில்லை. கடிபட்டது அம்சம் ஒருத்திதான், அதுவும் முந்தின நாள், சம்பா நடவுக்கு நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஏறும்போது. அக்கம்பக்கத்தார் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் எடுத்து ஓடி வந்தார்கள். அவள் எல்லோரையும் விலக்கிவிட்டு, போர்செட்டுத் தண்ணீரில் காலை நீட்டிக் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஈரப் புடவையோடு நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். மருந்து இருந்தது. குளிர்பெட்டியில் கண்ணெதிரே இருந்தது. ஆனால் ஒரு குப்பி ஐந்து பேருக்கு; திறந்தால் அன்றே தீர்த்தாக வேண்டும்; மிஞ்சினால் மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது? “அஞ்சு பேர் சேரட்டும்மா, போன் பண்றோம்” என்றார் நர்ஸ் கனிமொழி. இந்த விதி தெரிந்திருந்தால் நாய் ஐந்து பேராகப் பார்த்துக் கடித்திருக்கும்.

போன வருஷம் அவளுடைய அண்ணன் கண்ணுசாமிக்கும் இதையேதான் சொன்னார்கள். நாலு பேர் வரை சேர்ந்தது, ஐந்தாவது ஆள் வரவில்லை. கோரையாறு கரை தொட்டு ஓடிய மாதத்தில் அந்த மனுஷன் ஒரு டம்ளர் தண்ணீரைப் பார்த்து நடுங்கியே செத்தான். ஐந்தாவது ஆள் கிடைத்துவிட்டார் என்ற போன், பதினாறாம் நாள் காரியத்தன்று வந்தது. அம்சத்தைக் கடித்த நாயும் திங்கள் சாயங்காலமே மதகடியில் செத்துக் கிடந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

செவ்வாயன்று நாற்பது பேரும் அவளோடு போய் நின்றார்கள். நேற்றே பெயர் பதிவானவள் என்பதால் அம்சத்துக்குப் புது டோக்கன் கிடையாது, கடைசியில் நில் என்றார்கள். எட்டுக் குப்பி திறந்தார்கள். நாய் எட்டிக்கூடப் பார்க்காத டீக்கடை அப்துல் ஜலீல் வரைக்கும் ஊசி ஏறியது, ஏறியதும் தடம் மறைந்தது. “ஒரு ஆள்தான் மிச்சம். இன்னும் நாலு பேர் வரட்டும்” என்றார் மருந்தாளுநர்.

அம்சம் சத்தம் போடவில்லை. “எங்கண்ணன் இதே பெஞ்சிலதாங்க உக்காந்திருந்துச்சு. நான் உக்கார மாட்டேன்” என்றாள்.

அவள் சொல்லி முடிக்குமுன் டாக்டர் குனிந்து பேண்ட்டைச் சுருட்டினார். இடது கெண்டைக்காலில் நான்கு பல் தடம். கனிமொழிக்கும் மருந்தாளுநருக்கும் டோக்கன் கொடுப்பவருக்கும் அதே இடத்தில் அதே தடம். சரியாக நாலு பேர்.

குப்பியைத் திறக்க அரை நிமிஷம் ஆனது. அந்த அரை நிமிஷத்தை அண்ணனுக்குக் கொடுக்காமல் போனார்களே என்று அம்சம் இன்றும் சொல்கிறாள், சொல்லும்போது அவள் குரல் தணிவதில்லை. காயத்தைச் சுற்றிப் போடும் ஊசிக்கு அவளை ஆம்புலன்ஸில் தஞ்சாவூர் அனுப்பினார்கள். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று அவள் வந்தபோதெல்லாம் அந்த நால்வர் காலிலும் தடம் வந்தது, ஊசி போட்டதும் போனது. இப்போது வாழைத்திடலில் யாரை நாய் கடித்தாலும் அப்படித்தான். கடிபட்டவர் வாசலை மிதிக்குமுன்பே கனிமொழி புடவைக் கரையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டு, “யாரோ வர்றாங்க சார்” என்று குப்பியை எடுத்து வைக்கிறார்.