இருபத்திரண்டு அக்காவின் கைக்கடிகாரம்

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் தினமும் காலை ஆறு மணிக்கு அரசியலமைப்புச் சட்டத்தின் பிரிவுகள் வந்து நிற்பார்கள். கொத்தனார்களும் சித்தாள்களும் வேலைக்கு நிற்கிற அதே இடம்தான். தேவைப்படுகிறவர் போய்க் கூட்டிக்கொண்டு வரலாம். கூலி வாங்க மாட்டார்கள், டீ மட்டும் குடிப்பார்கள். கூப்பிடாமல் யார் வீட்டுக்கும் வரமாட்டார்கள், அது அவர்கள் வழக்கம்.

என் பெயர் பாக்கியசீலி. தாலுகா ஆபீஸ் பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் செபஸ்தியான் குழாய் வேலை பார்க்கிறவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர், அவருக்கும் சேர்த்து நானே பேசிக்கொள்வேன். அப்படிப்பட்டவர் வார்டு கூட்டத்தில் எழுந்து, "தீர்மான நோட்டைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். போலீஸ் ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது.

பிடித்த ஆளை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் பக்கத்து மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்திவிட வேண்டும். வழிப்பயண நேரம் அதில் சேராது. எங்கள் ஊர் சப்-இன்ஸ்பெக்டர் விஷயம் தெரிந்தவர். அதனால் அவர் ஜீப்பை நிறுத்தவே இல்லை. கோர்ட் என்னவோ ஸ்டேஷனிலிருந்து இரண்டாவது தெருதான். ஜீப் பெரிய குளத்தைச் சுற்றியது, ரைஸ் மில்லைச் சுற்றியது, மறுபடியும் பெரிய குளத்துக்கே வந்தது.

ஜீப்புக்குள் நேரம் நகரவில்லை. முதல் நாள் ஓடுகிற வண்டியில் நான் எட்டிக் கொடுத்த டீ, மூன்றாம் நாளும் அவர் கையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. கடையைக் கடக்கும்போதெல்லாம் அவர் பின்பக்கத்திலிருந்து கை காட்டுவார், நான் கரண்டியைக் காட்டுவேன். நேரமே போகாவிட்டால் என் மனுஷர் ஆயுசுக்கும் அதற்குள்தானே!

முதல் நாளே நான் ஒரு தப்புச் செய்திருந்தேன். பதற்றத்தில் பஸ் ஸ்டாண்டின் எதிர்வரிசையில் நின்ற ஒருவரைக் கூட்டி வந்துவிட்டேன். வெள்ளை வேட்டி, சிரித்த முகம். அவர் வழிகாட்டு நெறி, அரசாங்கத்துக்குப் புத்தி சொல்கிறவர். எதிர்வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாருமே தங்கமான மனுஷர்கள், ஆனால் கோர்ட் படி மட்டும் ஏறமாட்டார்கள். வாய் நிறையப் பேசுகிறார்களே என்று ஊரில் பாதிப் பேர் அவர்களைத்தான் முதலில் கூட்டி வருவார்கள். வந்தவர் ஆறு இட்லி சாப்பிட்டார். "எல்லாம் படிப்படியா நல்லதா நடக்கணும்மா" என்று மனதார வாழ்த்திவிட்டுக் கிளம்பினார். நல்ல வார்த்தைதான், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மூன்றாம் நாள் காலை சரியான வரிசைக்கு, அடிப்படை உரிமைகள் நிற்கிற பக்கம் போனேன். பேச்சுரிமைக்காரர் பத்தொன்பதாம் பிரிவு மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய மச்சினன் நியாயமான கட்டுப்பாடு, அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டிருந்தான். இரண்டு ஆள் தள்ளி, போலீஸ் பிடித்துப்போனவர்களுக்குத் துணைக்கு வருகிற இருபத்திரண்டு அக்கா நின்றாள். நூல் புடவை, மணிக்கட்டில் ஆம்பளைகள் கட்டுகிற பெரிய கடிகாரம்.

"கூப்பிட மூணு நாளாச்சா தாயி?" என்றாள்.

"தப்பான ஆளைக் கூட்டிட்டுப் போயிட்டேன்க்கா."

"பரவால்ல. ஒண்ணு சொல்லிடறேன். நான் பக்கத்துல நிப்பேன், வாயைத் திறக்க வேண்டியது நீதான்."

ரைஸ் மில் திருப்பத்தில் நடுரோட்டில் போய் நின்றோம். ஜீப் உறுமிக்கொண்டே நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் தலையை நீட்டி, "விலகும்மா, பயணத்துல இருக்கோம்" என்றார். அக்கா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரை என்னத்துக்குப் பிடிச்சீங்க? முதல்ல அதைச் சொல்லுங்க" என்றேன். ஆரம்பித்ததும் நாக்கு தானாகவே ஓடியது. "கோர்ட்டு ரெண்டாவது தெருவுல இருக்கு. குளத்தைச் சுத்துறது எந்தக் கோர்ட்டுக்குப் போற வழி?"

"தேவையான பயணம் மட்டும்தான் கழியும்" என்று சொல்லிவிட்டு அக்கா கடிகாரத்தின் சாவியைத் திருகினாள்.

மூன்று நாளும் ஒரே சமயத்தில் ஜீப்புக்குள் இறங்கியது. என் வீட்டுக்காரருக்குத் தாடி வளர்ந்தது. சப்-இன்ஸ்பெக்டருக்கும் வளர்ந்தது, டிரைவருக்கும் வளர்ந்தது. டீ ஆறி மேலே ஆடை கட்டியது. சப்-இன்ஸ்பெக்டர் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "வண்டியைக் கோர்ட்டுக்கு விடுப்பா" என்றார்.

மாஜிஸ்திரேட் அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: எதற்காகப் பிடித்தீர்கள்? சப்-இன்ஸ்பெக்டர் தாள்களைப் புரட்டினார். தாள்களுக்கும் மூன்று நாள் ஆகியிருந்தது, ஆனால் அதில் மட்டும் ஒன்றும் வளர்ந்திருக்கவில்லை. "நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்று மாஜிஸ்திரேட் அம்மா என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்.

வராந்தாவில் நான் ஓவென்று அழுதுவிட்டேன். அத்தனை சந்தோஷம். "நீங்க நல்லா இருக்கணும்க்கா, என் உசிரையே மீட்டுக் கொடுத்திருக்கீங்க" என்று கும்பிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"உங்களுக்கு நான் என்னக்கா செய்யட்டும்?"

அவள் கொஞ்சம் கூச்சப்பட்டாள். பிறகு தோள்பையிலிருந்து கனமான அரசியலமைப்புப் புத்தகத்தை எடுத்துச் சுவரோரமாக நிறுத்தி, முதல் பக்கத்தைத் திறந்தாள். "'இந்திய மக்களாகிய நாம்'னு போட்டிருக்கிற எடத்துல ஆள் கம்மியா இருக்கு தாயி. கொஞ்சம் வந்து நிக்கறியா?"

இதற்கா கூச்சம்! முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு புத்தகத்துக்குள் ஏறினேன். நல்ல காற்றோட்டமாக இருந்தது. மீன் கூடையோடு நின்ற ஒரு பெண் தள்ளி நின்று இடம் விட்டாள். ரயில்வே சீருடை போட்ட ஒருவர், எந்த ஊர் என்று விசாரித்தார்.

வெளியே என் வீட்டுக்காரர் புதுத் தாடியோடு நின்றுகொண்டிருந்தார். "சீலி, இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா?" என்று கேட்டார்.

உள்ளே திரும்பிப் பார்த்தேன். "தாராளமா இருக்கு. செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க" என்று கை கொடுத்தேன்.