விடைகளுக்கு இடமில்லை

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கம்ப்யூட்டர் மறுபடியும் நின்றுபோனது. 'நினைவகம் போதவில்லை, மன்னிக்கவும்' என்று திரையில் ஒரு வரி. காலையிலிருந்து இது நான்காவது தடவை.

"மன்னிப்பாம் மன்னிப்பு! கழுத்தை அறுத்துட்டு மன்னிப்புக் கேக்குற மூஞ்சியைப் பாரு!" என்று, புத்தகங்களை அச்சுக்கோக்கும் இடானியா மேசையில் ஓங்கி அறைந்தாள். காப்பிக் கோப்பை துள்ளி விழுந்தது.

சான்டா கிளாரா நகரில் தொழிலாளர் கல்லூரிக்கென்று இருந்தது அந்த ஒரே கம்ப்யூட்டர்தான். மொத்த நினைவகமே ஐந்நூற்றுப் பன்னிரண்டு கிலோபைட். அதில் பாதியை அச்சுக்கோக்கும் புரோகிராமே விழுங்கிவிடும். மிச்சத்தில்தான் கணிதப் பாடநூல் முழுவதும் உட்கார்ந்தாக வேண்டும். எழுதியவர் துறைத் தலைவர் எவேலியோ கியாலா. வெள்ளிக்கிழமைக்குள் பக்கங்கள் அச்சகத்துக்குப் போகாவிட்டால், அதற்கென்று ஒதுக்கிய காகிதம் வேறு துறைக்குப் போய்விடும்.

எவேலியோ எட்டிப் பார்த்தார். மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா.

"இதுக்கு ஏம்மா இந்த ஆட்டம் ஆடறே? கடைசியில இருக்கிற விடைகளைத் தூக்கிடு. இருபது பக்கம் மிச்சம். எல்லாம் சரியாயிடும்."

இடானியாவுக்குச் சுள்ளென்று ஏறியது.

"விடையைத் தூக்கறதா? ப்ரொபசர், இந்தப் புஸ்தகம் யாருக்குப் போகுது? சர்க்கரை ஆலையில வேலை பாத்துக்கிட்டு, வாத்தியாரே இல்லாம தனியா உக்காந்து படிக்கிறவங்களுக்கு. போட்ட கணக்கு சரியா தப்பான்னு சுவத்தையா கேப்பாங்க?"

"மெமரி இல்லைன்னு மிஷினே சொல்லுது. நான் என்ன பண்ணட்டும்?"

"அப்போ ஒவ்வொரு அத்தியாயத் தலையிலயும் கொத்திக் கொத்தி எழுதின மாதிரி ஒரு அலங்கார எழுத்து வெச்சிருக்கீங்களே, அதை எடுங்க. பதினோரு தலைப்புக்காக ஒரு முழு எழுத்துக் குடும்பத்தையே மெமரியில ஏத்தி வெச்சிருக்கேன்."

"அது அழகு. அது இருக்கணும்," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அழகாம்! இடானியாவுக்குப் பல்லை நறநறவென்று கடிக்கத்தான் முடிந்தது. அவளுடைய தங்கை சொராய்தா சர்க்கரை ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். எட்டு மணி நேரம் கரும்புச் சாற்றைச் சோதித்துவிட்டு வந்து கணக்குப் போடுகிறவள். இதே பாடத்தில் இரண்டு முறை தோற்றுவிட்டாள். வருகிற ஜூன் மாதம்தான் கடைசி வாய்ப்பு. அதிலும் தோற்றால் படிப்பிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள், அவளுக்கென்று ஆலையில் பேசி வைத்திருந்த வேதியியலாளர் இடமும் போய்விடும். போன இரண்டு முறையும் அவள் கையில் இருந்தது ஸ்டென்சிலில் படியெடுத்த, விடைகளே இல்லாத குறிப்புகள்தான்.

வெட்டுவது வேறு, குறைப்பது வேறு. வெட்டுவதற்கு ஒரு துறைத் தலைவர் எதற்கு, கத்தரிக்கோல் போதாதா? இடானியா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நினைவகத்தை யார் தின்கிறார்கள் என்று வரி வரியாகத் தேடினாள். மறுநாள் மதியம் அகப்பட்டது. ஒவ்வொரு கணக்கும் வரும்போதே அதன் விடையைப் புரோகிராம் வாங்கி வைத்துக்கொள்கிறது. கடைசிப் பக்கத்தில் அச்சடிக்க வேண்டுமே என்று நானூற்றுச் சொச்சம் விடைகளையும் தலையிலேயே சுமந்துகொண்டு வருகிறது. மூச்சு முட்டாமல் என்ன செய்யும்?

"அட மடப்பயலே, கீழே எறக்கி வெச்சா என்ன?" என்று அதைத் திட்டிக்கொண்டே மாற்றினாள். விடை வந்த உடனே பிளாப்பியில் எழுதிவிட்டு மறந்துவிட வேண்டும். கடைசியில் பிளாப்பியிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளலாம். இயந்திரம் இருநூற்று முப்பதாம் பக்கம் வரை ஓடி மறுபடியும் மன்னிப்புக் கேட்டது. சரி, அந்த அலங்கார எழுத்தையும் இறக்கினாள். தலைப்புக்கு வெற்றிடம் விட்டாள். பதினோரு தலைப்புகளையும் தனியாக ஒரு தாளில் அச்சடித்து, கத்தரித்து, பசை தடவி ஒட்டினாள். அச்சகம் பக்கங்களைப் படம் பிடிக்கும்போது ஒட்டியதும் ஒட்டாததும் ஒன்றுதான்.

வெள்ளி காலை முழுப் புத்தகத்தையும் எவேலியோவின் மேசையில் வைத்தாள். அழகும் இருந்தது, விடைகளும் இருந்தன. மனிதர் பாராட்டவில்லையே என்பதுகூடப் போகட்டும். கடைசிப் பக்கங்களைப் புரட்டியதும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"விடையும் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"இல்லம்மா... விடை குடுத்தா பசங்க பாத்து எழுதிடுவாங்க. யோசிச்சுப் பாத்தா, இல்லாம இருக்கறதுதான் நல்லது."

"நேத்து வரைக்கும் மெமரி இல்லைன்னீங்க, இன்னிக்கு மெமரி வந்ததும் ஒழுக்கம் வந்துடுச்சா?" என்று கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பக்கங்களை அள்ளிக்கொண்டு நேரே அச்சகத்துக்கு நடந்தாள்.

மே மாதம் புத்தகம் ஆலைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரம் கழித்து ஆலை அலுவலகத்திலிருந்து சொராய்தா போன் செய்தாள்.

"அக்கா, மூணாம் அத்தியாயம், பதினாலாவது கணக்கு. பரவளையத்துக்கும் கோட்டுக்கும் நடுவுல இருக்கிற பரப்பு. எனக்கு நாலரை வருது. புஸ்தகத்துல பதிமூணு கீழ் ஆறு, ரெண்டு சொச்சம்தான் போட்டிருக்கு. ரெண்டு நாளா அழுதேன் அக்கா. எனக்கு மண்டையில ஒண்ணுமே இல்லைன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கட்டம் போட்ட தாள்ல வரைஞ்சு, அந்தத் துண்டை வெட்டி, லேப் தராசுல வெச்சேன். பக்கத்துல ஒரே ஒரு கட்டத்தையும் வெட்டி வெச்சேன். நாலரை கட்டத்தோட எடைதான் இருக்கு. புஸ்தகம் தப்பு அக்கா! இன்னும் ஆறு விடை தப்பு. கழித்தல் குறியை எல்லாம் முழுங்கி வெச்சிருக்காரு அந்த மனுஷன்."

இடானியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. காரணம் நினைவகமும் இல்லை, ஒழுக்கமும் இல்லை. எவேலியோ தன் விடைகளை யாரும் சரிபார்த்துவிடக்கூடாது என்று பயந்திருக்கிறார். அவர் பயம் தெரியாமல் இவள் மாய்ந்து மாய்ந்து அவற்றை அச்சேற்றியிருக்கிறாள்.

"இன்னொண்ணு அக்கா," என்றாள் சொராய்தா. "போன தடவ பரீட்சையில இதே கணக்குதான் வந்துச்சு. அப்பவும் நாலரைன்னுதான் எழுதினேன். அந்த ஒரு கணக்குலதான் போனேன்."

இடானியா போனை வைத்துவிட்டுப் பழைய விடைத்தாள்கள் இருக்கும் அலமாரியைத் திறந்தாள். தங்கையின் தாள் கிடைக்க அரை மணி நேரம் ஆனது. எட்டு வரியில் சுத்தமாகப் போட்ட கணக்கு, கீழே 'நாலரை'. அதன் மேல் குறுக்கே எவேலியோ போட்ட சிவப்புக் கோடு.

அவளுக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். துறை அறைக்குள் அவள் நுழைந்தபோது எவேலியோவும் இன்னும் நான்கு ஆசிரியர்களும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ப்ரொபசர், எழுந்திரிங்க. இந்தக் கணக்கைப் போர்டுல போடுங்க."

"என்னம்மா இது, எல்லாரும் இருக்கும்போது..."

"எல்லாரும் இருக்கட்டும்னுதான் இப்போ வந்தேன். போடுங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. சாக்பீஸை எடுத்தார். நான்கு வரி வேகமாக ஓடியது. ஐந்தாவது வரியில், கீழ் எல்லையைப் போட்டுக் கழிக்கும் இடத்தில், கை நின்றது. ஒரு கழித்தலுக்குள் இன்னொரு கழித்தல். மெதுவாக அடைப்புக்குறி போட்டார், கழித்தல் கூட்டலானது. கடைசி வரியில் நாலரை என்று எழுதினார்.

இடானியா விடைத்தாளைக் கரும்பலகைக்கு முன்னால் நீட்டினாள்.

"இவ ரெண்டு வருஷமா தன்னை முட்டாள்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. பேனா உங்க பையிலேயே இருக்கு, ப்ரொபசர். அடிச்ச கோட்டுக்குப் பக்கத்துல 'தேர்ச்சி'ன்னு எழுதி, இன்னிக்குத் தேதியோட கையெழுத்துப் போடுங்க. அப்புறம் பழைய விடைத்தாள் அலமாரியில இருக்கிற மத்தத் தாளையும் ஒவ்வொண்ணா எடுங்க. எத்தனை பேரை அடிச்சீங்கன்னு நானும் பாக்கறேன்."