வாசலுக்கு வந்த முக்காலி

காலை எட்டு மணிக்கே குளிர்பதனக் கிடங்கின் வாசலில் மூன்று லாரிகள் வந்து நின்றன. முக்காலியில் உட்கார்ந்து வண்டி எண்களைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த பெரியவருக்கு அறுபத்திரண்டு வயது. இதே கிடங்கின் இயந்திர அறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆபரேட்டராக இருந்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவர். கையில் வந்த ஓய்வுத்தொகை மனைவியின் சிறுநீரகத்துக்குக் கரைந்துவிட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வேறு வழியில்லாமல் போன மாதம் மறுபடியும் வேலை கேட்டு வந்தார்.

மேலாளர் மறுக்கவில்லை. லீவு போடாத, குடிக்காத ஆள் பாதிச் சம்பளத்துக்குக் கிடைப்பது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை என்று முதலாளியிடம் சொல்லிப் பெருமைப்பட்டார். பெரியவருக்கு ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்.

“மெஷின் ரூம் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காதீங்க. அங்க இப்ப வேற ஆளு இருக்காரு. ஒரு உறைக்குள்ள ரெண்டு கத்தி வேணாம்.”

உட்கார ஏதாவது வேண்டும் என்று கேட்டதற்கு, இயந்திர அறையில் சும்மா கிடந்த முக்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். அது அங்கே சும்மா கிடந்ததல்ல என்பது பெரியவருக்கு மட்டும் தெரியும்.

கிடங்கைக் குளிர வைப்பது அமோனியா. அது ஓடும் கலனின் அடியில், இயந்திரத்திலிருந்து அதோடு கலந்துவரும் எண்ணெய் தேங்கும். அதை வாரம் ஒரு முறை வடிக்க வேண்டும். வடிக்கும் வால்வின் கைப்பிடியில் ஸ்பிரிங் உண்டு. பிடித்திருக்கும் வரை திறந்திருக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். எண்ணெய் தீர்ந்ததும் பின்னால் வருவது அமோனியா என்பதால்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அரைமணி நேரம் பிடித்தால் கை மரத்துப்போகும். ஆகவே பெரியவர் தம் காலத்தில் கைப்பிடியைக் கட்டுக்கம்பியால் கட்டிவைத்தார். கட்டிவிட்டு, அந்த முக்காலியைப் பக்கத்தில் போட்டு, எண்ணெய் நிற்கும் வரை கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருப்பார். ஓய்வு பெற்ற அன்று மாலையும் சால்வையும் கொடுத்து அனுப்பினார்கள். எதை எப்படிச் செய்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அவருக்குப் பின் வந்தவரைச் சுருட்டை என்று அழைப்பார்கள். தலைமுடி அப்படி. கைப்பிடியில் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது, அவரும் கட்டினார். உட்கார வேண்டும் என்று கம்பி சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ரசீது கொடுக்க உள்ளே போன பெரியவர், இயந்திர அறையின் திறந்திருந்த கதவு வழியே அதைப் பார்த்துவிட்டார். கம்பி கட்டியிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. சுருட்டை கையில் தேநீரோடு எதிரே வந்தார்.

“என்னண்ணே, லாரிக்கெல்லாம் ஜாதகம் எழுதி முடிச்சாச்சா? மேனேஜர் பாத்தா உங்க சீட்டு கிழிஞ்சிரும், ஓடுங்க.”

பெரியவர் திரும்பிவிட்டார். சாயங்காலம் மேலாளரிடம் போய், முக்காலி பழைய இடத்திலேயே இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிப் பார்த்தார். நின்றுகொண்டே எழுதப்போகிறீர்களா என்று மேலாளர் சிரித்தார். அதற்கு மேல் விளக்கினால் போகக் கூடாத இடத்துக்குப் போனதையும், கட்டக் கூடாததை முதலில் கட்டியது தாமே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மறுநாள் மனைவிக்கு டயாலிசிஸ். பெரியவர் வாயைக் கட்டிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய் பதினொரு மணிக்கு, சுருட்டை கம்பியைக் கட்டிய நேரத்தில் மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு நான்காம் அறையின் கதவைப் பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் எண்ணெய் தீர்ந்துவிட்டது. அமோனியா பீறிட்டது. முறுக்கிய கம்பியைப் பிரிக்கச் சுருட்டை முகமூடிகூட மாட்டாமல் உள்ளே ஓடினார்.

லாரிக்காரர்கள் இருமத் தொடங்கும் முன்பே பெரியவருக்கு வாடை புரிந்துவிட்டது. துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, கட்டடத்தின் பின்புறம் ஓடி முதன்மை வால்வை மூடினார். பிறகு உள்ளே தவழ்ந்துபோய்ச் சுருட்டையை இழுத்துவந்தார். உயிர் மிஞ்சியது. இரண்டு கண்களும் போய்விட்டன என்று மாலையில் மருத்துவர் சொன்னார்.

மருத்துவமனை நடையில், சுருட்டையின் மனைவி உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு முன்னால் நின்று, பெரியவர் எல்லாவற்றையும் சொன்னார். கம்பியை, முக்காலியை, போன வாரம் பார்த்ததை.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?” என்றார் அருகில் நின்ற மேலாளர்.

“சொல்லியிருக்கணும் சார். வேலை போயிடும்னு பயந்துட்டேன். அந்தப் பாவம் என்னோடதுதான்.”

அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை. மேலாளரைத்தான் பார்த்தாள்.

“தெரிஞ்சவர வாசல்ல உக்கார வெச்சுட்டு, தெரியாத மனுசன உள்ள அனுப்பியிருக்கீங்க.”

மேலாளர் அன்றிரவே பெரியவரை முழுச் சம்பளத்தில் இயந்திர அறைக்கு மாற்றி எழுதினார். மறுநாள் காலை பெரியவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு இயந்திர அறைக்குப் போனார். போனதும் குறட்டால் அந்தக் கம்பியை வெட்டி எறிந்தார். கிழவருக்கு எதற்கு முழுச் சம்பளம் என்று முதலாளி தொலைபேசியில் கேட்டபோது, மேலாளர் ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓய்வு பெத்தவர மறுபடி கூப்பிட்டா, மலிவா கெடைக்கிறாருங்கிறது லாபம் இல்ல சார். அவருக்குத் தெரிஞ்சத நாம கேட்டுக்கிட்டா அதுதான் லாபம். நான் ஆளக் கூப்பிட்டேன், அனுபவத்த வாசல்லயே நிறுத்திட்டேன். அதுக்கு விலை ரெண்டு கண்ணு. அதுவும் என்னோட கண்ணு இல்ல.”