ஒயின்ஸ் போர்டு

ஆரப்பாளையத்தில் இது நாலாவது கடை. மதுவிலக்கை எடுத்த பிறகு முளைத்த சின்னக் கடைதான். ஆனால் வாசலில் 'ஒயின்ஸ்' என்று ஆள் உயரத்துக்குப் போர்டு. தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று குடையைத் தாழ்த்திப் பிடித்தபடி விடுவிடுவென்று உள்ளே நுழைந்தார் மில் அதிகாரி ஹாலாஸ்யம். மில்லில் நாளைக்குப் புது ஜெர்மன் மெஷின் ஓடப் போகிறதாம். மேனேஜருக்கு ஷாம்பெயின் உடைக்க ஆசை. அதை வாங்கி வர, பெருமாள் கோயில் தீர்த்தத்தைத் தவிர வேறெதையும் அறியாத இவர்தான் அகப்பட்டார்.

"ஷாம்பெயின் இருக்கா?"

"அப்படின்னா என்ன சார்?"

"பொங்குற ஒயின்யா! தொறந்தா நுரை அடிக்கும்."

கடைக்காரன் ஒரு பிராந்தி பாட்டிலையும் கோலி சோடாவையும் எடுத்து வைத்தான். "இதுல அதை ஊத்துங்க. எம்புட்டு வேணும்னாலும் பொங்கும்."

ஹாலாஸ்யத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசையை ஓங்கித் தட்டினார்.

"ஒயின்ஸ்னு போர்டை மாட்டிட்டு உள்ளே ஒரு சொட்டு ஒயின் இல்லை! வெக்கமா இல்லையாய்யா? ஊரை ஏமாத்தவா போர்டு வச்சிருக்கீங்க?"

கடைக்காரன் சோடாவை மெல்ல நகர்த்தி வைத்தான். அந்தக் கையில் இரண்டு விரல்கள் இல்லை.

"என்னையத் தெரியலையா சார்? நல்லகாமன். உங்க மில்லு மெஷின்ல விரலைக் குடுத்தவன். வேற வேலை கேட்டு உங்க ரூமு வாசல்ல பதினோரு நாள் நின்னேன். அங்கேயும் ஒரு போர்டு தொங்குச்சு, 'தொழிலாளர் நல அதிகாரி'ன்னு. அதுக்கு உள்ளே என்ன சார் இருந்துச்சு?"